வைக்கோல் தின்னும் சிங்கம்

அட, நாற்காலி நுனியில ஏன் உக்காந்திருக்கீங்க சம்பந்தி, நல்லா சாஞ்சு உக்காருங்க. சம்பந்தின்னா கோவம் வருதா? சரி, வாபஸ் வாங்கிக்கறேன். அருணகிரி ஐயா. இப்ப சரியா? என் பையன் நாத்தானியேலு உங்க பொண்ணு கஸ்தூரிய ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கட்டிக்கிட்டது எழுபத்தெட்டுல. இப்ப எம்பதே முடியப் போவுது. இந்த உபதேசியார் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு உங்க ஊரு அடி அண்ணாமலையில நின்னு சத்தம் போட்டவரு நீங்க. நீங்களா மிதிக்கல, ஒத்துக்கறேன். எதிர்த்தாப்ல புளியமரத்தடியில நின்னுக்கிட்டிருந்தீங்க. மழைதான் புடிச்சுத் தள்ளிக்கிட்டு வந்து உள்ள உக்கார வெச்சுது. பழியெல்லாம் மழை மேல. போதுமா?

பொண்ணு ஆறு மாசம்னு காதுல விழுந்திருக்கும். தூரத்துல நின்னு ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு வந்திருக்கீங்க. இல்லையா? பின்ன புளியம்பழம் பொறுக்கவா வந்தீங்க?

தண்ணியாச்சும் குடிங்க. வேணாமா? புரியுது. உங்க வீடு பரம்பரை சைவம், முட்டை வாசனைகூட அறியாத வீடு. கறி வெந்த வீட்ல, கறி தொட்ட பாத்திரத்துல பச்சத்தண்ணியும் கூடாது. நான் தப்பு சொல்லல. ஆனா ஒரு சங்கடம். உள்ள எலை போட்டாச்சு. அப்பா கை நனைக்காம நானும் சாப்பிட மாட்டேன்னு உங்க பொண்ணு கதவுக்குப் பின்னாடி நிக்கறா. வயித்துப் புள்ளக்காரி, மணி ஒண்ணு ஆவுது. இந்தப் பிடிவாதம் யார்கிட்டேருந்து வந்துதுன்னு நான் கேக்கல.

கதவு பக்கம் பாக்கக் கூடாதுன்னுட்டு சுவத்துல தொங்கற துணியையே பாக்கறீங்க. நல்லா பாருங்க, அது என் பொழப்பு. ஏழு வட்டம் இருக்கா? கீழ்பென்னாத்தூர் வரைக்கும் பஸ்ல சுருட்டி எடுத்துக்கிட்டுப் போய், மரத்துல கட்டித் தொங்கவிட்டு ஜனங்களுக்குச் சொல்லுவேன். கடவுள் மனுஷனை நடத்துன விதம் ஏழு காலம். ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு சட்டம் போடுவாரு. மனுஷன் அதுல தவறுவான். அதுக்காக அவரு வீட்டைப் பூட்டிக்கிட்டுப் போயிட மாட்டாரு. வேற விதமா மறுபடியும் ஆரம்பிப்பாரு. அவ்ளோதான் என் பிரசங்கம். மீதியெல்லாம் தொண்டைத்தண்ணி.

உங்களுக்குன்னு சாப்பாட்டு வழியாவே சொல்றேன். சிரிக்கறீங்களா? ஓ, இல்லையா. மீசை அசைஞ்ச மாதிரி இருந்துச்சு.

மொத வட்டம், ஆதாம். தோட்டத்துல வெச்சாரு. சாப்பாடு என்ன தெரியுமா? பழம், கீரை, தானியம். சுத்த சைவம், உங்க கட்சி! ஒரே ஒரு மரத்துப் பழத்தை மட்டும் தொடாதேன்னாரு. அதைத்தான் தொட்டான். அடுத்தது, மனசாட்சிப்படி நடந்துக்கோன்னு விட்டுப் பாத்தாரு. ஊரே கெட்டுப் போயி வெள்ளம் வந்துச்சு. மழை நின்னதும் மூணாவது, நோவா. பேழைங்கற கப்பல்லேருந்து எறங்குனவனுக்குக் கறி சாப்பிட்டுக்கோன்னு அனுமதி குடுத்தாரு. அது எங்க கட்சி. இந்த வட்டத்தைச் சொல்றப்ப மட்டும் எனக்குக் குரல் தனியா எடுக்கும்னு என் சம்சாரம் மார்த்தாள் கிண்டல் பண்ணுவா. நாலாவது ஆபிரகாம். வாசல்ல வந்து நின்னவங்களை யாரு எவருன்னு கேக்காம ஓடிப் போய்க் கூப்பிட்டு விருந்து வெச்ச மனுஷன். உன் வம்சத்தைப் பெருக்குவேன்னு கடவுள் அவருக்கு ஒரு வாக்கு குடுத்தாரு. அஞ்சாவது மோசே. அதுல வந்துச்சு பாருங்க சட்டம்! பன்னி கூடாது, ஒட்டகம் கூடாது, செதில் இல்லாத மீன் கூடாது. செத்த பல்லி விழுந்தா சட்டியையே உடைச்சிடணும். உங்க வீட்டம்மா ஆதிலட்சுமி அப்ப இருந்திருந்தா மோசேக்கே யோசனை சொல்லியிருப்பாங்க.

இப்ப நடக்கறது ஆறாவது, கிருபையின் காலம். பேதுருன்னு இயேசுவோட சீஷரு ஒருத்தரு. மத்தியான வேளை, மாடியில இருக்காரு, நல்ல பசி. உங்களை மாதிரியே. வானத்துலேருந்து பெரிய துப்பட்டி ஒண்ணு எறங்குது, உள்ள ஊர்வன பறப்பன எல்லாம். சாப்பிடுன்னு ஒரு சத்தம். ஐயோ, தீட்டானதை நான் தொட்டதே இல்லையேன்னு இவரு அடம் புடிக்கறாரு. நான் சுத்தமாக்குனதை நீ தீட்டுன்னு சொல்லாதேன்னு பதில் வருது. அந்நேரம் பாத்துக் கீழ வாசல்ல ஆள் வந்து நிக்குது, தீட்டுன்னு இவங்க ஒதுக்கி வெச்ச புறஜாதிக்காரர் வீட்டுக்கு அவரைக் கூப்பிட. அப்பதான் அவருக்கு உறைச்சுது. கடவுள் பேசுனது கறியைப் பத்தி இல்ல, மனுஷனைப் பத்தின்னு.

ஐயையோ, எந்திரிக்காதீங்க! உங்களைக் கறி சாப்பிடச் சொல்லல. வெளிய பாருங்க, மலையே தெரியல, இந்த மழையில எங்க போவீங்க? எங்க பக்கம் வான்னு உங்க பொண்ணையும் நாங்க இழுக்கல. நெத்தியில பொட்டு அப்படியேதான் இருக்கு, வேணும்னா பாத்துக்கோங்க. ஆனா அதுக்குக் கதவு பக்கம் திரும்பணுமே. அது உங்க கஷ்டம்.

என்ன கேட்டீங்க? ஏழாவதா? அப்பாடா, வாயைத் தொறந்தீங்களே! சிங்கமும் மாடும் ஒரே தொட்டியில வாய வெச்சிருக்கே, பெயிண்டர் தப்பா வரைஞ்சிட்டானோன்னு பாக்கறீங்க. தப்பில்லீங்க. அது வரப்போற ராஜ்யம். அங்க சிங்கம் மாட்டைப் போல வைக்கோல் தின்னும். கவனிங்க, மாட்டுக்குக் கறி திங்கக் கத்துக் குடுக்கல. பல்லு யாருக்கு இருக்கோ, விட்டுக் குடுக்கறது அவன் வேலை. எத்தனையோ ஊர்ல இதைச் சொல்லியிருக்கேன். எப்ப வரும் ஐயான்னு கேப்பாங்க. வரும், காத்திருங்கன்னு சொல்லுவேன்.

இந்த வீட்ல அது வந்து ரெண்டு வருஷம் ஆவுது.

கஸ்தூரி வந்த மொத ஞாயித்துக்கெழமை, மார்த்தாள் கறிக்கொழம்பு வெச்சா. அந்தப் பொண்ணு மோர் சோத்தைக் கிண்ணத்துல எடுத்துக்கிட்டுக் கெணத்தடிக்குப் போய் தனியா உக்காந்துக்கிச்சு. சன்னல் வழியாப் பாத்தேன். கொழம்புச் சோத்தை அப்படியே தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன். அன்னிக்கே கறிச்சட்டி எல்லாம் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலைகிட்டப் போயிடுச்சு. இப்ப அதுல அவ கோழிக்குத் தண்ணி வெக்கறா. கறிக்கடை காசி பஸ் ஸ்டாண்டுல பாத்துட்டு, ஊரை விட்டே போயிட்டீங்களா உபதேசியாரேங்கறான். கிறிஸ்மஸுக்கு வந்த சபைக்காரங்க வடையையும் பாயசத்தையும் பாத்துட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனாங்க. அந்தப் பழைய சிங்கம் நான்தாங்க. வைக்கோல் பழகிடுச்சு. இந்த மாதிரி மழை நாள்ல மட்டும் வறுத்த கறி நெனப்பு கொஞ்சம் ஜாஸ்தியா வருது, பொய் சொல்லக் கூடாது.

அடுப்படியில இருக்கறதெல்லாம் அதுக்கப்புறம் வாங்குன பாத்திரம். இன்னிக்கு சமைச்சது உங்க பொண்ணு. வெண்டக்கா சாம்பார்.

எங்க எந்திரிச்சிட்டீங்க, மழை இன்னும் விடலியே... ஓ, கை கழுவவா?

கஸ்தூரி, பக்கத்துல உனக்கும் ஒரு எலை போடும்மா.

தொட்டி இந்தப் பக்கம், சம்பந்தி.