போர்டைப் பிடிக்க ஒரு கை

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பேருந்தில், என் முன்சீட்டில் வயதான கணவனும் மனைவியும். கணவர் மடியில், பெட்ஷீட்டில் சுற்றிய, பழுதான பழைய இசை கீபோர்டு.

“ஈயத்த உறிஞ்ச மூணு கை வேணும்மே” என்றார் கணவர். அதைக் கேட்டுத்தான் நான் காது கொடுத்தேன்.

அந்த அம்மாள் போனில் ஒரு மிஷினின் படத்தைக் காட்டினார்; போர்டில் பற்றவைத்த ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுக்கும் மிஷின்.

“அது கைப்பம்புக்குய்யா. ஒரு கைல சூடு காட்டணும், ஒரு கைல உறிஞ்சணும், போர்டைப் புடிக்க நீ வேணும். இந்த மிஷின்ல சூடும் உறிஞ்சலும் ஒரே கைல. போர்டை நானே புடிச்சிக்குவேன்.”

“கரண்டு நெறைய இழுக்கும்.”

“இழுக்காது.”

“பழைய போர்டு, பொசுங்கிடும்.”

“பம்புலதான் ரெண்டு தடவ பொசுங்கிச்சு. உனக்கு இன்னாதான்யா பிரச்சன?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ரிட்டயராயி ஊட்ல கீறேன். எனக்குன்னு கீற வேலை அது ஒண்ணுதான்.”

அந்த அம்மாள் போனை அணைத்துப் பைக்குள் வைத்தார். கரையான்சாவடியில் இறங்க எழுந்தபோது கீபோர்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

“புதுசா பம்பே வாங்கிக்கலாம். ஆனா போன வாட்டி மாதிரி போர்டைப் புடிச்சிகினே தூங்கிடாத.”