ஏழடி கணக்கில் இல்லை

சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது என் நண்பனுடைய அத்தானுக்கு நடந்தது. சர்வேயர். சாமி, பேய் எதையும் நம்பாமல் டேப்பை மட்டும் நம்புகிற ஆள்.

சாயங்காலம் மணி ஏழு. கல்குவாரியை மூடிய பிறகு அந்த ரோட்டில் நாய்கூடப் போவதில்லை. கடைசியில் ஒரே ஒரு கல் வீடு. குவாரி நடத்திய தாத்தா கட்டியது... இரண்டடி கனச் சுவர், இரு முகத்திலும் செதுக்கிய கல், நடுவே சுண்ணாம்பும் சல்லியும். பேரன்கள் இரண்டு பேர். பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பங்கு பிரித்த அன்று அண்ணன் குறுக்கே ஒரு சுவர் எழுப்பினான். அதே நாளில் தம்பியும் தன் பக்கம் ஒரு சுவர் எழுப்பினான். ஒருத்தன் கட்டிய சுவரை இன்னொருத்தன் நம்பவில்லை. அவ்வளவு பாசம்.

இப்போது வீட்டை விற்க வேண்டும்; அதற்கு அளக்கத்தான் அத்தான் வந்திருந்தார். வீடு அம்மா பேரில் இருக்கிறது. வரைபடத்தில் அவர் கையெழுத்து வாங்காமல் அத்தான் கிளம்ப முடியாது.

"அம்மா எங்கங்க?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"தம்பி பக்கம். அன்னைக்கே அவன்கூடப் போயிட்டாங்க. பெத்தவங்களுக்கே நான் வேண்டாதவன் ஆயிட்டேன்."

அத்தான் வீட்டைச் சுற்றிக்கொண்டு தம்பியின் வாசலுக்குப் போனார்.

"அண்ணன்கிட்டதான் இருக்காங்க," என்றான் தம்பி. "சோறு ஒழுங்கா போட மாட்டான் போல. பொழுது சாஞ்சா சுவத்தத் தட்டுவாங்க, கேக்கும். நான் எதுக்குப் போய்க் கேக்கணும்? அவன்தான் வேணும்னு போனாங்க, அனுபவிக்கட்டும்."

அத்தான் டேப்பை எடுத்து அளந்தார். வெளியே நாற்பத்தெட்டு அடி. உள்ளே இரண்டு பங்கையும் எல்லாச் சுவரையும் கூட்டினால் நாற்பத்தொன்று. மறுபடி அளந்தார்... ஏழடி காணோம்.

"நடுவுல என்னங்க இருந்துச்சு?"

"மாடிப்படி. எனக்கு வேணாம்னு விட்டுட்டேன். அவன் எடுத்திருப்பான். மேலயும் கல்லு பரப்பி அடைச்சாச்சு." தம்பியின் குரல் இறங்கியது. "படிக்கு அடியில ஒரு சின்ன அறை. குளுகுளுன்னு இருக்கும்னு அம்மா பகல்ல அங்கதான் படுப்பாங்க."

தம்பி எழுப்பிய குறுக்குச் சுவரில் ஒரு கல் இடுக்கு. அத்தான் டேப்பை அதற்குள் விட்டார். சுண்ணாம்பு வாடை... கூடவே தலைக்குத் தடவும் எண்ணெய் வாடை. இரண்டடி. மூன்றடி. ஐந்தடி... டேப் நின்றது. இழுத்தார். வரவில்லை. கூட அளக்க வந்த ஆள் முனையைப் பிடிப்பது போல, அந்தப் பக்கம் யாரோ நேராக இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

டொக்... டொக்... டொக்.

அத்தான் போட்ட சத்தத்தில் அண்ணனும் ஓடி வந்தான்.

"அம்மா ரெண்டு பேர் பக்கமும் இல்ல. நடுவுல இருக்காங்க," என்றார் அத்தான். "கடப்பாரை எடுங்க."

இருவரும் அசையவில்லை. தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அண்ணன் தம்பியைப் பார்த்தான். பதினோரு வருஷம் கழித்து அவனிடம் பேசிய முதல் பேச்சு. சொல்ல எனக்கே நாக்குக் கூசுகிறது.

"அந்த ஏழடி யாரு பங்குலடா சேரும்?"

தட்டுவது நின்றது. அத்தானின் கையில் டேப் மெதுவாகத் தளர்ந்தது.