பதினான்கு வாரத்துக்கு முந்தைய செவ்வாய்

வாரம் எண்ணிப் பின்னால் போனால் கிழமை மாறாது. நிறையப் பேருக்கு இது தோன்றுவதில்லை. இன்று செவ்வாய் என்றால் பத்து வாரத்துக்கு முன்பும் செவ்வாய்தான், நாற்பது வாரத்துக்கு முன்பும் செவ்வாய்தான். தேதியை மட்டும் பிடித்தால் போதும். பதினான்கு வாரம் என்றால் மூன்று மாதம் பின்னால் போய், இன்னும் ஒரு வாரம் போலத் தள்ளி, பக்கத்தில் இருக்கிற செவ்வாயைத் தொட வேண்டும். காலண்டரே வேண்டாம். பிரசவ ஆஸ்பத்திரியின் பதிவு மேஜையில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தால் உங்களுக்கும் வந்துவிடும், மேடம்.

டீ வேண்டாம். தண்ணீர் போதும்.

என் தம்பி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அவன் பொய் சொல்ல மாட்டான். அப்படித்தான் வளர்த்தேன். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினெட்டு. எனக்கு வந்த வரன்களையெல்லாம் அவனுக்காகத்தான் வேண்டாம் என்றேன். இதை யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. அவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அவனுக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. பத்து வாரம் கடல், மூன்று வாரம் வீடு. முன்பெல்லாம் அந்த மூன்று வாரமும் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு என்னோடு பேசிக்கொண்டிருப்பான். கல்யாணமான பிறகு மாடியைவிட்டு இறங்குவதே சாப்பிடத்தான்.

அவன் பெண்டாட்டி வாயாடி. ஆனால் கெட்டவள் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் ‘கணக்கு டீச்சர்’ என்று கேலி செய்வாள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்பதை நான் கவனிக்காமல் இல்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். புருஷனிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று அவள் காத்திருந்தாள் போலிருக்கிறது.

அவன் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினான். செவ்வாய்க்கிழமை அவள் தன் அம்மாவோடு போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு மத்தியானம் திரும்பினாள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

“உங்க இடத்துக்கு வந்தா ஊருக்கே தெரிஞ்சிடும் அண்ணி,” என்று சிரித்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். “பதினாலு வாரமாம். என்ன முழிக்கிறீங்க? நீங்கதான் அப்பா, வேற யாரு.”

அவன் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றுவிட்டான். அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் முகத்தில் நான் பார்த்ததில்லை.

“இப்படியே கப்பல்ல சுத்திக்கிட்டிருந்தா பிள்ளை உங்களை அங்கிள்னு கூப்பிடும். கரையிலயே ஒரு வேலையைப் பாருங்க. எங்கம்மா தெருவுல வீடு ஒண்ணு காலியா இருக்கு,” என்றாள். எனக்கு வருத்தமாகிவிடக் கூடாதென்று, “நீங்க அடிக்கடி வந்துட்டுப் போங்க அண்ணி,” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவன் “சரி” என்றான். அவ்வளவுதான். என் பக்கம் ஒரு பார்வை கூட இல்லை.

அவள் உடை மாற்ற மாடிக்குப் போனாள். அவன் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தான். நான் யாரையும் குறை சொல்லவில்லை. எண்ணினேன், அவ்வளவுதான்.

“பதினாலு வாரம்னா என்ன தேதிடா வருது?”

“அதான் நீ இருக்கியே. நீயே சொல்லு.”

சொன்னேன். “செவ்வாய்க்கிழமை. அன்னிக்கு நீ எங்க இருந்தே?”

“கப்பல்லதான். போன தடவை அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைதானே வந்தேன்.” குழாய் ஓட ஓட என் பக்கம் திரும்பினான். “ஏன்க்கா?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.”

குழாயை மூடாமலே மாடிக்குப் போனான். நான்தான் மூடினேன்.

மேலே என்ன பேசினார்கள் என்று முழுதாகக் கேட்கவில்லை. பிறகு இரண்டு பேரும் படிக்கட்டின் உச்சிக்கு வந்தார்கள். நான் கீழே நின்றேன். அவள் பாதி அழுகை, பாதி சிரிப்பாக இருந்தாள்.

“அண்ணி, இவருக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. கடைசியா பீரியட்ஸ் வந்த நாள்லருந்துதானே டாக்டருங்க எண்ணுவாங்க? அன்னிக்கு வயித்துல ஒண்ணுமே கிடையாது. ரெண்டு வாரம் கழிச்சுத்தானே உண்டாகும்? அப்போ இவரு வீட்லதானே இருந்தாரு? தினமும் இதைத்தானே எழுதறீங்க, நீங்களே சொல்லுங்க.”

“அப்படியாக்கா?” என்றான் தம்பி.

அவன் கெஞ்சுகிற மாதிரி கேட்டான். அவள் முகத்திலோ பயமே இல்லை. நான் இருக்கிறேன் என்கிற தைரியம்.

இந்தச் சண்டை எனக்குப் புதிதில்லை. கல்யாணமாகி அஞ்சு வாரம்தான் ஆச்சு, ஏழு வாரம்னு எழுதியிருக்கீங்களே என்று கண்ணை உருட்டிக்கொண்டு வரும் மாமியார்களைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்த இரண்டு வாரத்தை நான்தான் விளக்குவேன். அப்படி எத்தனையோ பெண்களின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

“எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையேம்மா,” என்றேன்.

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். அவள் வாய் திறந்தபடி என்னைப் பார்த்தாள். என்னிடம் வருவதற்காக ஒரு படி இறங்கினாள். அப்போதுதான் அவன் தள்ளினான்.

என் காலடியில் வந்து விழுந்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது நான்தான். எத்தனை வாரம் என்று கேட்டார்கள். பதினான்கு என்று சரியாகச் சொன்னேன்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரும் அந்த இரண்டு வாரத்தைக் கழித்துத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார். குழந்தை அவனுடையது. அதனால்தானே என்னைக் கூப்பிட்டீர்கள்? தெரிந்தேதான் சொன்னேன், மேடம். தேதியைச் சொன்னதும் தெரிந்தேதான், தெரியாது என்றதும் தெரிந்தேதான். அவன் முன்கோபம் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் டாக்டர் சொன்னதை அவனிடம் சொல்லப் போவதாகச் சொன்னீர்களே, அது மட்டும் வேண்டாம். தாங்க மாட்டான். பெண்டாட்டி துரோகம் செய்துவிட்டாள் என்று நினைத்துத்தான் ராத்திரி தூங்குகிறான். ஜெயிலுக்குப் போய் வாராவாரம் பார்க்கிறேன். வலைக்கு அந்தப் பக்கம் நின்று, “உன்னைத் தவிர எனக்கு யாருமே இல்லக்கா,” என்கிறான். கல்யாணத்துக்கு அப்புறம் அவன் இப்படிச் சொன்னதே இல்லை.

அந்த நினைப்பையும் பறித்துவிட்டால், பாவம், பிள்ளைக்கு வேறு என்ன இருக்கிறது?