விரலின் எடை நூற்றைம்பது கிராம்

டமார் என்று சத்தம் கேட்டது. கோச்சடை வரைக்கும் கேட்டதாக இப்போது பேசிக்கொள்கிறார்கள். அது மிகை. நாகமலை புதுக்கோட்டையில் விழுந்த சத்தம் கோச்சடைக்குக் கேட்க வாய்ப்பில்லை. நான் எதையும் அளந்துதான் பேசுவேன். தொழில் அப்படி.

என் பெயர் பத்ரிநாத். வில்லாபுரத்தில் சரிகைக் கடை வைத்திருக்கிறேன். சரிகையைக் கிராம் பிசகாமல் நிறுக்க வேண்டும் என்பதால் கடையில் நல்ல எலக்ட்ரானிக் தராசு ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே தராசில் இன்ஜின் நிறுப்பேன். ரிமோட்டில் பறக்கவிடும் பெரிய மாடல் விமானங்களுக்கான பெட்ரோல் இன்ஜின். மதுரையில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். யார் புது இன்ஜின் வாங்கினாலும் அது முதலில் என் கடைக்குத்தான் வரும். கம்பெனிக்காரன் போடும் எடையை நாங்கள் நம்புவதில்லை. அவன் சைலன்சரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறும் இன்ஜினை நிறுத்து எழுதுவான். போட்டோ எடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்வது மாதிரி. என் தராசு சொல்வதுதான் எங்களுக்கு எடை.

செல்வக்குமார் எங்கள் கூட்டத்தில் ஒருவன். மேற்கே செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பம். டிராக்டர் உதிரிபாகக் கடை நடத்துகிறான். அவன் என்னை அண்ணே என்பான், நான் மாப்ள என்பேன். எனக்கு அவனை மிகவும் பிடிக்கும். இதை வாக்குமூலத்திலும் சொன்னேன். எஸ்.ஐ. தமிழ்ச்செல்வி அதை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

எங்கள் இருவரிடமும் அறுபது சிசி இன்ஜின்தான். கம்பெனி வேறு வேறு. எது லேசு என்பதில்தான் தகராறு. சைலன்சர் இல்லாமல் நிறுத்தால் என்னுடையது லேசு. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"சைலன்சர் இல்லாமயா பறப்பீக?" என்று கேட்பான் செல்வக்குமார். "வேட்டிய அவுத்து வச்சுட்டு எடை பாத்தா நான்கூடத்தாண்ணே லேசு."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இந்தச் சமயத்தில்தான் அவன் தங்கை மீனாவின் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் சீர் என்றால் அவர்கள் பக்கத்தில் சாதாரணமில்லை. யானை கூட்டி வந்தவர்கள் உண்டு, குதிரை வண்டியில் வந்தவர்கள் உண்டு. செல்வக்குமார் வானத்தைப் பிடித்துக்கொண்டான். தன்னுடைய எட்டடி இறக்கை விமானத்தின் வயிற்றில் பெட்டி கட்டி, சீர்த்தட்டு ஊர்வலம் மண்டபத்துக்குள் நுழையும்போது மேலிருந்து ரோஜா இதழைக் கொட்டப் போகிறேன் என்று சொன்னான். மீனாவின் மாமனார் மலையாண்டிக்கு இவனை ஏற்கெனவே ஆகாது. பொம்மை ஓட்டுகிற பயல் என்பார். அவர் வாயை அடைக்க வேண்டும், தங்கை புகுந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். அவனுக்கு அவ்வளவுதான்.

இவ்வளவு பூவைத் தூக்க வேண்டுமானால் விமானத்தின் ஒவ்வொரு கிராமும் கணக்கில் வர வேண்டும். இன்ஜினைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான்.

"சைலன்சரு, கரண்டு பெட்டி எல்லாம் சேத்து நிறுங்கண்ணே. உங்களோடதையும் பக்கத்துல வைங்க. இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சிரட்டும்."

மற்ற நண்பர்களும் வந்திருந்தார்கள். முதலில் என்னுடையதை வைத்தேன். இரண்டாயிரத்து நூற்றைம்பது. பிறகு அவனுடையது. இரண்டாயிரத்துத் தொண்ணூறு. எண் என் பக்கம் பார்த்திருந்தது, செல்வக்குமார் எதிர்ப்பக்கம் நின்றான்; மூக்குக்கண்ணாடி இல்லாததால் மற்றவர்களும் இன்னும் எண்ணைப் படிக்கவில்லை. தீப்பொறி கொடுக்கும் ஒயர் தட்டுக்கு வெளியே தொங்கியது. அதை எடுத்துத் தட்டில் வைத்தேன். அது முறைதான். வைத்த விரலை எடுக்கவில்லை. அது முறையில்லை.

இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது.

என் விரலின் எடை நூற்றைம்பது கிராம். அதுவரை எனக்கே தெரியாது.

"இம்புட்டா?" என்றான் செல்வக்குமார். முகம் வாடிவிட்டது. ஆனால் தராசை அவன் சந்தேகப்படவில்லை. என்னையும்தான். "சரி, நீங்கதாண்ணே ஜெயிச்சீக" என்று எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தான். நன்றாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் போன் செய்தான். "அண்ணே, நீங்க சொன்ன எடைக்கு மூக்குப் பக்கம் கனம் கூடிப்போச்சுல்ல. அதுக்குத் தக்கன பூப்பெட்டியையும் பேட்டரியையும் வால் பக்கம் தள்ளிட்டேன்."

விமானத்தைப் பொறுத்தவரை எடை கூடுவதும் குறைவதும்கூடப் பெரிதில்லை. எடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் உயிர். வால் கனத்துவிட்டால் மூக்கை வானத்துக்குத் தூக்கும், நிற்கும், விழும். இது எனக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். சொன்னால் ஜிகர்தண்டாவுக்கும் சேர்த்து விளக்கம் சொல்ல வேண்டிவரும். எப்படியும் பறப்பதற்கு முன்னால் அவனே சமநிலை பார்ப்பான், பிழை தானாகத் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அவன் திறமை மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவன் பார்க்கத்தான் செய்தான். நாகமலை புதுக்கோட்டையில் மண்டபத்தை ஒட்டிய கண்மாய் வறண்டு கிடந்தது. அங்கே விமானத்தை நிறுத்தி, பூவை நிரப்பினான். சமநிலை பார்க்கும் முறை எளிது. இறக்கையின் அடியில் இருபுறமும் குறித்து வைத்த இடத்தில் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்க வேண்டும். மட்டமாக நின்றால் சரி, வால் தாழ்ந்தால் தவறு. அவ்வளவு பெரிய விமானத்துக்கு இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது ஆள் நான்.

தூக்கினோம். வால் தாழ ஆரம்பித்தது.

"மறுபடி நிறுக்கணுமோ? தராசு கார்லதானண்ணே இருக்கு?" என்றான் அவன்.

கார் பக்கத்தில்தான் இருந்தது. நண்பர்களும் நின்றார்கள். இந்த முறை மூக்குக்கண்ணாடியோடு வந்திருந்தார்கள். என் விரலை ஒரு அங்குலம் பின்னால் நகர்த்தினேன். விமானம் மட்டமாக நின்றது.

"சரியா இருக்கு மாப்ள," என்றேன்.

நான் ஒன்றும் பொறுப்பில்லாதவன் அல்ல. மனக்கணக்குப் போட்டுத்தான் பார்த்தேன். வால் பக்கம் இருப்பது பூ. பூவைக் கொட்டியதும் வால் கனம் குறைந்து விமானம் தானாகச் சரியாகிவிடும். அதுவரை சமாளித்தால் போதும். இந்தக் கணக்கு கடைசிவரை பிசகவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

மேளம் முழங்க ஊர்வலம் வந்தது. முன்னால் மீனா, இடுப்பில் குழந்தை. இருவரும் மேலே பார்த்துக்கொண்டே வந்தார்கள். விமானம் தரையை விட்டதும் மூக்கைத் தூக்கியது. தூக்கிக்கொண்டே போனது. செல்வக்குமார் ரிமோட்டோடு மல்லுக்கட்டினான். "அண்ணே, வால் இழுக்குதுண்ணே," என்றான். நான் அவன் பின்னால் நின்றிருந்தேன். வேறு வழியில்லாமல், கனத்தைக் குறைக்க, பூப்பெட்டியைத் திறக்கும் பொத்தானை அமுக்கினான்.

மொத்தப் பூவும் என் தலையில் விழுந்தது.

வால் கனம் போனதும், நான் சொன்னபடியே, விமானம் மட்டத்துக்கு வந்தது. மிக அழகாக வந்தது. உயரம்தான் மிச்சமில்லை. சீராக, தடுமாற்றமே இல்லாமல், சமையல் பந்தலுக்குள் போய்க் கறிக்குழம்பு அண்டாவில் இறங்கியது. அதுதான் அந்தச் சத்தம்.

யாருக்கும் அடியில்லை. சமையல்காரர் மொக்கைச்சாமி கரண்டியோடு குதித்துத் தப்பிவிட்டார். அண்டாவை எட்டிப் பார்த்து, "பெட்ரோல் போட்டு வச்ச குழம்ப எவன்யா திம்பான்?" என்று மட்டும் கேட்டார். மலையாண்டியின் பங்காளிகள் கை நனைக்காமல் எழுந்து போனார்கள். அவர்கள் பக்கத்தில் அதைவிட அவமானம் கிடையாது. வேண்டுமென்றே செய்தான் என்று மலையாண்டி புகார் கொடுத்தார். "இனி இவன் மடியில வச்சு என் பேத்திக்குக் காது குத்த மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

ஸ்டேஷனில் செல்வக்குமார் எதையும் மறுக்கவில்லை. "என் தப்புதான். பத்ரி அண்ணே நிறுத்துக் குடுத்தும் நான் கோட்டை விட்டுட்டேன்," என்றான். மீனா சுவரோரம் நின்றாள். குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. காதில் ஒன்றுமில்லை. "பூ விழும் பூ விழும்னு சொல்லியே தூக்கிட்டு வந்தேண்ணே," என்றாள் என்னிடம்.

என்னை விவரம் தெரிந்தவன் என்ற முறையில் கூப்பிட்டிருந்தார்கள். தமிழ்ச்செல்வி ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தார். அதிக பாரம் ஏற்றியதால் விழுந்தது என்று எழுதியிருந்தார். அது தவறு. பாரம் அதிகமில்லை, பின்னால் இருந்தது. அப்படியே விட என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். விரலைச் சொன்னேன், இரண்டாவது தடவை நகர்த்திய விரலையும் சொன்னேன். தமிழ்ச்செல்வி பேனாவைக் கீழே வைத்தார்.

"இம்புட்டும் எதுக்கு?"

"அறுபது கிராமுக்கு மேடம்."

"இத எந்தச் செக்ஷன்ல போடுறது?" என்று பக்கத்திலிருந்த ஏட்டையாவைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.

மலையாண்டி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "கூட்டாளி சரியில்ல. பய மேல தப்பில்ல," என்றார். பிறகு மீனாவிடம், "அடுத்த முகூர்த்தத்துல இவன் மடியிலயே குத்திருவோம். பூவக் கையில கொண்டு வரச் சொல்லு," என்றார். மீனா குழந்தையின் காதுமடலைத் தடவிக்கொண்டே அழுதாள்.

செல்வக்குமார் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அப்ப என்னோடதுதான் லேசாண்ணே?" என்றான்.

தலையாட்டினேன். அவன் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. அண்டா, பெட்ரோல், போன விமானம், எல்லாவற்றையும் மறந்த சிரிப்பு. அப்போதே முடிவு செய்துவிட்டேன். இனி எடைப் பேச்சே வேண்டாம். யாருடையது லேசு, யாருடையது கனம் என்பதெல்லாம் மனிதனைக் கெடுக்கிற எண்ணம். அதிலிருந்து நான் முழுமையாக விடுபட்டுவிட்டேன்.

தமிழ்ச்செல்வி எழுதியதைப் படித்துக் காட்டினார். 'செல்வக்குமாரின் இன்ஜின் என் இன்ஜினைவிட அறுபது கிராம் எடை குறைவு என்பதை மறைத்து, மேற்படி குற்றத்தைச் செய்தேன்.' கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"எல்லாம் சரிதான் மேடம், 'சைலன்சரோட சேத்து நிறுத்தா'ன்னு மட்டும் அந்த இடத்துல போட்டுக்கங்க, கழட்டி வச்சு நிறுத்தா என்னோடதுதான் லேசு."