ஆறு செல்லுல வந்த கொரலு

குண்டு விழுது. எங்க வூட்டுக்குள்ள விழுது.

தொம். கொஞ்சம் விட்டு மறுக்கா தொம். சடசடன்னு ஓடு நொறுங்கற சத்தம். யாரோ இந்தியில கத்தறாங்க. நடுவுல எங்கூட்டுக்காரரு தமிழ்ல கத்தறாரு. "படு, படு, தலைய தூக்காதடா!" எங்க மாமியா காதப் பொத்திக்கிட்டு செவுத்தோரமா ஒக்காந்துட்டாங்க. எம்பொண்ணு ஸ்டெல்லாவுக்கு மூணு வயசு. டேப்பு ரிக்கார்டருக்குப் பின்னாடி போயி அப்பன தேடறா.

1987. ஐப்பசி கடைசி. ஞாயித்துக்கெழம. பூசை முடிஞ்சு வந்து, சோறு வடிச்சு வெச்சிட்டு ஒக்காந்தோம். அவரு பட்டாளத்துல இருந்தாரு. இலங்கைக்கு அனுப்பிட்டாங்க. எனக்குப் படிக்க வராது. கடுதாசி வந்தா அடுத்தவங்ககிட்டதான் குடுக்கணும். அவங்க படிச்சா எங்க குடும்ப சமாச்சாரம் சாயந்தரத்துக்குள்ள பாப்பாரப்பட்டி சந்த வரைக்கும் போயிரும். அதான் கேசட்டுல பேசி தபால்ல அனுப்புனாரு.

எங்க கொட்டாய்க்கு கரண்டு கெடையாது. ரேடியோவும் டேப்பும் சேந்த செட்டு அது. உள்ள செல்லு போடற எடத்துல ஸ்பிரிங்கு துருப்புடிச்சுப் போச்சு. போன லீவுல அவருதான் ஒரு கட்டு செஞ்சு குடுத்தாரு. பழைய சைக்கிள் டியூப நறுக்குனாரு. பெரிய டார்ச்சு செல்லு ஆற, ஒண்ணு பின்னால ஒண்ணா அதுக்குள்ள திணிச்சாரு. ரெண்டு மொனையிலயும் ஒயரு வெச்சு இறுக்கிக் கட்டுனாரு. போறப்ப ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. செட்டுல ரீவைண்டு அமுக்காத, அது செல்ல குடிச்சிரும். கேசட்ட வெளிய எடுத்து பென்சில விட்டு சுத்து.

அன்னிக்கு ஆறும் புது செல்லு. கணீர்னு கேக்கணும்னு நாந்தான் வாங்கிப் போட்டேன். மொதல்ல நல்லாத்தான் பேசுனாரு. போகப் போக கொரலு மெலிஞ்சுது. வேகம் புடிச்சுது. தொம்முன்னு விழுந்த குண்டு கடுகு பொரியற மாதிரி ஆச்சு. கடைசியில வெறும் கீச்சு கீச்சு. ஒரு வார்த்த வெளங்கல. ஸ்டெல்லாதான் மொதல்ல சிரிச்சா. அப்பறம் மாமியா. அப்பறம் நானு. வவுறு வலிக்கச் சிரிச்சோம். அந்தாளு குண்டுக்கடியில ஒக்காந்து பேசறாரு. நாங்க சிரிக்கறோம். இத நான் யாருகிட்டயும் மறைக்கல.

பதினோராம் நாளு தந்தி வந்துச்சு.

ஒடம்பு வரல. ட்ரங்குப் பொட்டி வந்துச்சு. மேல அவரு பேரு, நம்பரு. மாமியா அத தொடவே இல்ல. அந்தக் கீச்சுக் கொரல் எம்புள்ளது இல்ல, ஆளு மாறிப் போச்சு, அவன் வருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் செட்டத் தூக்கிக்கிட்டு பாப்பாரப்பட்டிக்குப் போனேன். ரேடியோ ரிப்பேர் பண்றவரு கேட்டுப் பாத்தாரு.

"செட்டுல ஒண்ணும் கோளாறு இல்லீங்க. அங்க பதியறப்ப அவரு செல்லு எறங்கிக்கிட்டே வந்திருக்கு. டேப்பு மெதுவா ஓடியிருக்கு. இங்க நல்ல செல்லுல போட்டா வேகமா ஓடுது. அவரு கொரலு வேணும்னா, உங்க செல்லும் அந்த அளவுக்கு எறங்கணும்ங்க."

ஊரே செல்ல வெயில்ல காயவெச்சு உசுரு ஏத்துது. நான் உசுர எறக்கணும். எப்படி? ரேடியோவ வெச்சேன். காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும். வேளாண்மைச் செய்தி, சினிமாப் பாட்டு, எது வந்தாலும் ஓடட்டும். கெணத்தடியில பேசிக்கிட்டாங்க. புருசன் செத்து மாசம் ரெண்டாவல, இவளுக்குப் பாட்டு கேக்குதாம். காதுல விழற மாதிரியேதான் பேசுனாங்க. எனக்கு வாயி நீளம். அன்னிக்கு மட்டும் தொறக்கல. தொறந்தா அழுதிருப்பேன்.

மார்கழி. வெள்ளிக்கெழம. சாயந்தரம் நாலு மணி. ரேடியோ கம்மிப் போச்சு. கேசட்டப் போட்டேன். கடைசிப் பக்கமா பென்சில்ல சுத்தி வெச்சிருந்தேன்.

தொம்.

அப்பறம் அவரு. அவரேதான். தொண்டையில சளி கட்டுன மாதிரி ஒரு கரகரப்பு அவருக்கு. அது இருந்துச்சு.

"ஸ்டெல்லா கண்ணு. அப்பா பேசறேன். ஆயாகிட்ட அடம் புடிக்காத. அப்பா வாரப்ப சிவப்புச் செருப்பு வாங்கியாரேன். சத்தம் கேட்டு பயப்படாத, அது தூரத்துல. கண்ணு, பேட்டரி எறங்குது. மீதிய வந்து சொல்றேன்."

டக். முடிஞ்சுது.

அவளுக்குப் பேசியிருக்காரு. அவ வூட்டுல இல்ல. கெணத்து மேட்டுல வெளையாடறா. வாசலுக்கு ஓடுனேன். "ஸ்டெல்லா, ஓடியா, அப்பா பேசறாரு, ஓடியா!" ஓடியாந்தா. மூச்சு வாங்க, மண்ணுக் கையோட வந்து செட்டுக்கு முன்னாடி நின்னா.

பென்சிலு பக்கத்துலதான் கெடந்துச்சு. நான் எடுக்கல. அவசரத்துல ரீவைண்டு அமுக்கிட்டேன்.

ர்ர்ருன்னு சுத்துச்சு. போட்டேன். ஒரு மொனகல் வந்துச்சு. பாதாளத்துல இருந்து வர மாதிரி. "ஸ்ஸ்டெ..." அவ்வளவுதான், இழுத்துக்கிட்டே போச்சு. புள்ள வீல்னு கத்திட்டு என் முந்தானைக்குள்ள பூந்துகிட்டா. அது அப்பா இல்ல, பூதம்னா. எத்தன சொல்லியும் தலைய வெளிய நீட்டல. நான் என்ன பண்ணட்டும்? அமுக்குனது என் வெரலுதான்.

மறுக்கா ஆறு செல்லு வாங்குனேன். மறுக்கா ரேடியோ. எப்ப நிறுத்தறதுன்னு தெரியாம அதிகமா எறக்கிட்டேன். சக்கரத்துக்கு சுத்தத் தெம்பு இல்ல. டேப்ப உள்ள இழுத்துக் கசக்கிடுச்சு. கத்தரியால வெட்டித்தான் எடுத்தோம்.

இப்ப எண்பத்தொன்பது. போனத சொல்றேன். எங்கூட்டுக்காரரு, முப்பத்தோரு வயசு. போன ஆடியில மாமியா, வருவான் வருவான்னு சொல்லிக்கிட்டே. செல்லு பன்னெண்டு. கேசட்டு ஒண்ணு. சிவப்புச் செருப்பு வரவே இல்ல.

ஸ்டெல்லாவுக்கு இப்ப அஞ்சு வயசு. அப்பா எப்படிம்மா பேசுவாருன்னு கேக்கறா. கீச்சுன்னு கேட்டிருக்கா, பூதமாட்டம் கேட்டிருக்கா. அந்தக் கொரலு சரியா வந்தது ஒரே ஒரு தடவ. அவளுக்குன்னு வந்துச்சு. கேட்டது நான் ஒருத்திதான்.