இருமிக் காட்டிய டாக்டரம்மா

மரக்காணம் பஸ்ஸில் என் முன் சீட்டில் உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரைச்சலில் ரகசியத்தையும் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது.

"தும்மினாலே ஒண்ணுக்கு வந்துடுதுன்னியே அண்ணி, ஆஸ்பத்திரியில என்ன பண்ணாங்க?"

"ட்யூப் வெச்சு உள்ள தண்ணி ரொப்பி, மிஷின்ல பிரஷர் பாத்தாங்க. இருமச் சொன்னாங்க. ஒரு சொட்டு வரல."

"உப்புக்கூடை தூக்கினா வருதே."

"அங்க மட்டும் மானத்த காப்பாத்துது. டாக்டரம்மா இப்படி இருமணும்னு அவங்களே இருமிக் காட்டினாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மொத்தமும் அவங்க புடவை மேல."

"திட்டினாங்களா?"

"வெரி குட்னாங்க. ஆபரேசன் பண்ணா சரியாயிடுமாம்."

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டென்று நிறுத்தி, காலை இறுக்கிச் சேர்த்துக்கொண்டாள்.

"அந்த டாக்டரம்மா எந்தக் கெழமை வருவாங்க அண்ணி?"