ஆவுடையப்பன் கயிறு

தாமிரபரணிக்கு வடகரையிலே மேலக்கொடிக்கால் என்று ஓர் ஊர். ஊருக்கு ரோடு வராத காலம், ரோடு என்ற சொல்லே வராத காலம். அப்போது அங்கே ஆவுடையப்பன், ஆவுடையப்பன் என்று ஒரு குடும்பஸ்தர் இருந்தாராம். வெற்றிலைக் கொடிக்கால்தான் பிழைப்பு. விடியுமுன் போவார், உச்சிக்குத் திரும்புவார், சாப்பிடுவார். அதுவரைக்கும் எல்லாரையும் போல மனுஷன்தான். கை கழுவின பிறகுதான் கதை.

கை கழுவினதும் புறா. புறா முடிந்தால் பூட்டு. ஊரில் யார் வீட்டுப் பூட்டு திறக்காவிட்டாலும் அவர் மடியில் வந்து விழும். பூட்டு முடிந்தால் மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுவார். சுரைக்குடுக்கையில் யானை செதுக்குவார். உடுக்கை அடிப்பார், நன்றாக அடிப்பார் என்று யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை. அமாவாசைக்கு அமாவாசை, முடிச்சுப் போட்ட கயிற்றை ஊர்க்கிணற்றில் இறக்கி, தண்ணீரில் எத்தனை முடிச்சு நனைகிறது என்று பார்த்துக் கிணற்றுச் சுவரில் கோடு போடுவார். எதற்கு ஓய் என்று கேட்டால், "தெரிஞ்சுக்கத்தான்" என்பாராம்.

ஆக மொத்தம் ஆறு என்கிறது கீழத்தெரு. இல்லை, ஏழு என்கிறது மேலத்தெரு. புறாவையும், புறாவைக் கூப்பிட அவர் செய்து வைத்திருந்த மூங்கில் ஊதலையும் மேலத்தெருக்காரர்கள் தனித்தனியாக எண்ணுகிறார்கள். இந்த வழக்கு இன்றைக்கும் தீரவில்லை. நாம் அதற்குள் போகவேண்டாம்.

பெண்டாட்டி பேர் உலகம்மாள். அவளுக்குக் கோபம் இல்லையா? இருந்தது. திட்டுவாள். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்தச் சுரைக்குடுக்கை யானையைப் பேசவைத்து அவர்தான் கஷாயம் குடிக்க வைப்பார். அதனால் திட்டிக்கொண்டே இருபது வருஷம் ஓடிப்போயிற்று என்கிறார்கள்.

மகள் செண்பகத்துக்குக் கல்யாண வயசு வந்தது. பக்கத்து ஊர் ஆனைக்கல்லில் மாசானம் என்று ஒரு பையன். கோயில் கொடைத் திருவிழாவில் செண்பகம் அவனைப் பார்த்திருந்தாள். பார்த்ததை அம்மாவிடம் சொல்லியும் இருந்தாள். தகப்பன் இல்லாத பையன். வளர்த்தது பெரியப்பா பூலுடையார். அந்தப் பெரியப்பா முதலில் தனியாக வந்தாராம், விசாரிக்க. உட்கார்ந்தால் வேட்டி மடிப்புக் கலையாத மனுஷன்.

பித்தளைத் தட்டில் வெற்றிலை வைத்தாள் உலகம்மாள். அதை எடுத்து மடித்து வாயில் போட்டால் சம்பந்தம் சரி. தட்டிலேயே கிடந்தால் சரியில்லை. அதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். பூலுடையார் கை தட்டுப் பக்கம் போகவில்லை.

"அண்ணாச்சி, பொண்ணுல ஒரு குறையும் இல்ல. குறை உம்மகிட்டதான்."

"என்ன குறை, சொல்லும்."

"புறா விடுதீரு. உடுக்கை அடிக்கீரு. கிணத்துல கயிறு விடுதீரு. ஊரே சிரிக்குது. மாமனாரைப் பாத்து நாளைக்கு எங்க பயலும் கெட்டுப்போனா? எல்லாத்தையும் விடும். அமாவாசை கழிச்சு அவனையும் கூட்டிட்டு வாரேன். நீரு ஒழுங்கா இருந்தா வெத்தலை எடுக்கேன்."

ஆவுடையப்பன் கதவுப் பக்கம் திரும்பினாராம். கதவுக்குப் பின்னால் செண்பகத்தின் கால்விரல் மட்டும் தெரிந்தது. "சரி, விட்டுட்டேன்" என்றாராம்.

வீட்டில் நெல் கொட்டிவைக்கும் இடுப்புயர மண்குலுக்கை ஒன்று காலியாகக் கிடந்தது. உடுக்கை, உளி, ஊதல், சுரைக்குடுக்கை, சாவிக்கொத்து, முடிச்சுக் கயிறு, எல்லாவற்றையும் உலகம்மாளே அதற்குள் போட்டு மூடி, மூடியைச் சுற்றிக் களிமண் பூசிவிட்டாள். புறாக்கூட்டைச் சாத்தினாள். இனி வீடு வீடாக இருக்கும் என்று நினைத்தாளாம், பாவம்.

முதல் நாள் சும்மா இருந்தாராம். இரண்டாம் நாளும் சும்மா இருந்தாராம். மூன்றாம் நாள் அடுக்களைக்கு வந்தாராம்.

"ஏளா, நேத்து மிளகாய் நாலுதானே கிள்ளிப்போட்ட? இன்னைக்கு ஏன் அஞ்சு?"

"எண்ணிட்டா இருக்கீங்க?"

"சும்மாதானே இருக்கேன்."

அடுக்களையிலிருந்து துரத்தினாள். தெருவுக்குப் போனார். வேலித் தகராறில் இருந்த அண்ணன் தம்பிக்குச் சமாதானம் பேசினார். பொழுது சாய்வதற்குள் தகராறு நாலு வீடாயிற்று. கோயில் பூசாரி ஓடிவந்தார்: "அண்ணாச்சி, பூட்டு திறக்கமாட்டேங்குது. அம்மன் மூணு நாளா பட்டினி!" "நான் தொடமாட்டேன், வாக்குக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டார். கதவையே பெயர்த்துத்தான் பொங்கல் வைத்தார்களாம்.

இதையெல்லாம் உலகம்மாள் தாங்கிக்கொண்டாள். அமாவாசை வந்தது. மனுஷன் வெறுங்கையோடு கிணற்றடிக்குப் போனார், எட்டிப் பார்த்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். அவள் பழக்கத்தில் கேட்டுவிட்டாள், "இன்னைக்கு எத்தனை முடிச்சு?"

"தெரியாது."

இருபது வருஷத்தில் அவர் தெரியாது என்று சொல்லாதவர் இல்லை. ஆனால் அதன் பின்னாலேயே 'இரு, பாத்துட்டு வாரேன்' என்று ஒன்று வரும். அன்றைக்கு அது வரவில்லை. உலகம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாளாம். வரவே இல்லை.

சொன்னபடி பூலுடையார் வந்தார், மாசானத்தோடு. முற்றத்தில் ஆவுடையப்பன் நட்டுவைத்த கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். வாங்க என்றார், அவ்வளவுதான்.

"இப்பம்தான் ஒரு மாமனார் மாதிரி இருக்கீரு!" என்று சொல்லி, பூலுடையார் வெற்றிலைக்குக் கை நீட்டினாராம்.

உலகம்மாள் தட்டைப் பின்னால் இழுத்தாள்.

"இருங்க. இந்த ஆளை எனக்கு அடையாளம் தெரியல. நான் கட்டினது வேற ஆளு. எம் பொண்ணு வந்தா அந்த ஆளோட பொண்ணாத்தான் வருவா. அது ஒத்துவரலைன்னா வெத்தலை தட்டுலயே கிடக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, மகள் முகத்தைப் பார்க்கப் பயம். செண்பகம் உள்ளே போனாள், உலக்கையோடு வந்தாள், குலுக்கை மூடியில் ஓங்கி ஒரு போடு போட்டாள். களிமண் பொலபொலவென்று உதிர்ந்தது.

உலகம்மாள் போய்ப் புறாக்கூட்டைத் திறந்துவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது. ஒரு மாசம் அடைந்து கிடந்த புறாக்கள், நிற்குமா? விர்ரென்று கிளம்பி, புளியமரத்துக்கு மேலே, அதற்கும் மேலே. ஆவுடையப்பன் ஓடிவந்து குலுக்கைக்குள் கைவிட்டு ஊதலை எடுத்தார். ஊதினார். "புஸ்ஸ்." மூங்கில் காய்ந்து வெடித்துப் போயிருந்தது. மறுபடி ஊதினார். "புஸ்ஸ்." புறாக்கள் புள்ளியாகிக்கொண்டிருந்தன. அவர் ஊதலைக் கீழே இறக்கிவிட்டார்.

அப்போது முற்றத்திலிருந்து, "குர்ர்ர்... க்கூ! குர்ர்ர்... க்கூ!"

எல்லாரும் திரும்பினார்கள். மாசானம்! இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்துக்கொண்டு, "குர்ர்ர்... க்கூ!" புள்ளிகள் நின்றன. வட்டமடித்தன. ஒன்றொன்றாக இறங்கின. கடைசிப் புறா இறங்க இடம் தேடி, பூலுடையார் தலைப்பாகையில் உட்கார்ந்தது.

தலையை அசைக்காமலே கேட்டாராம்: "இதை எங்கல படிச்ச?"

"எருமை மேய்க்கிற இடத்துல, பெரியப்பா. சும்மா இருக்கிறப்ப."

"வேற என்னல்லாம் வரும்?"

"மைனா வரும். செம்போத்து வரும். உங்க கொறட்டையும் வரும்."

கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தது கேட்டது. ஆவுடையப்பன் பையன் பக்கத்தில் போய் நின்றார். ஒரு மாசத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான கேள்வி அதுதான் என்று உலகம்மாள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாளாம்: "செம்போத்துக்கு நாக்கை மடிக்கணுமா மாப்பிள்ளை?"

பூலுடையார் பார்த்தார். இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவன், தலைக்கு மேலே புறா. கடைசியில் சொன்னாராம்: "ஏம்மா, அந்தத் தட்டைக் கிட்டக் கொண்டா. நான் குனிஞ்சா இது பறந்துரும்."

(ஊதல் வெடித்துப்போனதால் அன்றையிலிருந்து ஆறுதான் என்கிறது கீழத்தெரு. மாசானம் புது ஊதல் செய்து கொடுத்துவிட்டான் என்கிறது மேலத்தெரு.)

இப்போதும் மேலக்கொடிக்காலில் கல்யாணம் என்றால், தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணுடைய அம்மா மாப்பிள்ளையிடம் ஒன்று கேட்பாள்: "சும்மா இருக்கிற நேரத்துல என்ன செய்வீங்க?" பாடுவேன் என்பான் ஒருவன், மீன் பிடிப்பேன் என்பான் ஒருவன். எது சொன்னாலும் சரி. சும்மாதான் இருப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டால் மேளம் நிற்கும். பட்டுவேட்டியோடு கூட்டிப்போய், கையில் முடிச்சுக் கயிற்றைக் கொடுத்து, கிணற்றில் இறக்கச் சொல்வார்கள். ஆவுடையப்பன் கயிறு என்றுதான் அதற்குப் பேர். இற்றுப்போனால் புதுசு திரிப்பார்கள். முடிச்சின் அளவு மாறாது.

ஒரு தடவை வெளியூர் மாப்பிள்ளை ஒருவன், பெரிய உத்தியோகம், சும்மாதான் இருப்பேன் என்று பெருமையாகச் சொன்னானாம். கயிற்றைக் கொடுத்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டே இறக்கினான். இழுத்தான், எண்ணினான். பதினொரு முடிச்சு நனைந்திருந்தது. சுவரில் கோடு போட்டான். அவன் அந்தக் கோட்டைப் பார்த்தான், பக்கத்துக் கோட்டைப் பார்த்தான், குனிந்து இன்னும் பழைய கோடுகளைப் பார்த்தான்.

"போன மாசம் எத்தனை இருந்துச்சு, அத்தை?"

"கெட்டிமேளம் அடிங்கப்பா" என்றாளாம் மாமியார்க்காரி.